ஏறிய பெயர் இறங்குவதில்லை

அம்பாசமுத்திரத்தில் தென்காசி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆழ்வார்குறிச்சி வந்துவிடும். அதற்குள் மாவட்டமும் மாறிவிடும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது ஆழ்வார்குறிச்சி அதற்குள் போயிற்று. அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும் விக்கிரமசிங்கபுரமும் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டன. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிறவர் கண்ணில் இந்தக் கோடு படுவதில்லை. ஜாமீனில் வந்தவனுக்கும் அவனைத் தேடும் காவலருக்கும் அது நன்றாகவே தெரியும். இந்தப் பக்கம் ஒரு எஸ்.பி., அந்தப் பக்கம் இன்னொரு எஸ்.பி., கிழக்கே திருநெல்வேலி மாநகரத்துக்கென்று ஒரு கமிஷனர். மூவரில் யார் எல்லையில் பிடிபட்டாலும் பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம் பாளையங்கோட்டை மத்திய சிறைதான்.

சிறை ஒன்று, காவல் எல்லை மூன்று. சிறையிலிருந்து திரும்பி வருகிறவனை இந்த எல்லைகள் சேர்ந்து கண்காணிக்கும் முறை சரியாக வேலை செய்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முறை புதியதல்ல. அதற்குக் கருவிகள் மூன்று. முதலாவது, சரித்திரப் பதிவேடு. பத்திரிகைகள் ‘ரவுடிப் பட்டியல்’ என்று எழுதுவதும் ஸ்டேஷனில் ‘ஹெச்.எஸ்.’ என்று சொல்வதும் இதைத்தான். இரண்டாவது, நன்னடத்தைப் பிணை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 109, 110 ஆகிய பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தில் 126, 128, 129 ஆகிவிட்டன. எண் மாறினாலும் பேச்சு மாறவில்லை. இன்றும் ‘அவன் மேல ஒன் டென் போட்டிருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று கருதப்படுகிறவரிடம் மூன்று ஆண்டு வரைக்கும் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கலாம். மீறினால் மிச்சக் காலத்துக்கு உள்ளே போக நேரும். மூன்றாவது, 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், அதாவது குண்டாஸ். விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம்.

இந்த மூன்றையும் இப்போது கணினி இணைக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவுகளை நாடு முழுக்க இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வந்துவிட்டது. முகத்தைப் படம் பிடித்து ஒப்பிடும் மென்பொருள் காவலர் கைப்பேசிக்கே வந்துவிட்டது. சென்னைக் காவல்துறை 2023இல் ‘பருந்து’ என்றொரு செயலி கொண்டுவந்தது. பட்டியலில் உள்ளவர் எப்போது சிறையிலிருந்து வருகிறார், யாருடன் பகை, எந்த வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் பின்தொடர்வது அதன் வேலை. ஒரு காலத்தில் ஏட்டையாவின் ஞாபகத்திலும் தடித்த நோட்டிலும் இருந்த செய்தி இன்று ஒரு நொடியில் மாவட்டம் தாண்டுகிறது.

இதன் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கொலை பெரும்பாலும் ஒரு கொலையோடு முடிவதில்லை. 2021 செப்டம்பரில் முன்னீர்பள்ளம் வட்டாரத்தில் நடந்த ஒரு கொலைக்குச் சில நாட்களுக்குள்ளேயே பதில் கொலை விழுந்தது. அந்த மாதமே மாநிலம் முழுக்கக் காவல்துறை இரவு பகலாகத் தேடுதல் நடத்தி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பாளையங்கோட்டைச் சிறைக்குள்ளேயே ஒரு விசாரணைக் கைதியைச் சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். 2024 டிசம்பர் 20 அன்று திருநெல்வேலி நீதிமன்ற வாசலில், பட்டப்பகலில், இன்னொருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி நடக்கும் ஊரில் யார் எப்போது வெளியே வருகிறான், எதிர்த் தரப்பில் யார் இருக்கிறான், இருவருக்கும் வாய்தா ஒரே நாளில் விழுகிறதா என்பது உயிரைக் காக்கும் தகவல். ஒரு மாவட்டத்தில் வெட்டிவிட்டு வேறு மாவட்டக் கோர்ட்டில் போய்ச் சரணடைவது இங்கே பழகிப்போன தந்திரம். எல்லை தாண்டிய ஒத்துழைப்பு இல்லாவிட்டால் அந்தத் தந்திரமே ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கையில் தகவல் இருந்தால் லத்திக்கு வேலை குறையும், குறைய வேண்டும். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் விசாரணைக்கு அழைத்துப் போனவர்களின் பற்களைப் பிடுங்கியதாக எழுந்த புகார் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதா விசாரித்தார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பதிவேட்டையும் பிணையையும் ஒழுங்காகப் பயன்படுத்துகிற ஸ்டேஷன், அடிக்கிற ஸ்டேஷனைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆக, முறை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. கோளாறு அது செயல்படும் விதத்தில் இருக்கிறது.

ஒருவரை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்து ஊர்களில் இப்படி வாழ்கிறவர்கள் பலர். இருபத்திரண்டு வயதில் ஒரு கோயில் கொடையில் நடந்த அடிதடியில் சிக்கி, பிறகு ஒரு கொலை முயற்சி வழக்கில் சேர்க்கப்பட்டு, பாளையங்கோட்டையில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது முப்பத்தைந்து வயது. செங்கல் சூளையில் வேலை. மனைவி திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார். குடியிருப்பு தென்காசி மாவட்டம், பழைய வழக்கு திருநெல்வேலி மாவட்டம். பங்குனி, சித்திரையில் கொடை அறிவித்தவுடன் போன் வரும். “எங்கல இருக்க?” “சூளையிலதான் இருக்கேன்யா.” “நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ.” மறுநாள் ஒரு நாள் கூலி போகும். தேர்தல் வந்தால் இன்னொரு நாள். பக்கத்து மாவட்டத்தில் தலைவர் குருபூஜை என்றால் இன்னொரு நாள். கடைசி வழக்கு முடிந்து ஆண்டுகள் ஆகியிருக்கலாம், விடுதலையே ஆகியிருக்கலாம். சூளை முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? ‘போலீஸ் தேடுற ஆளை வச்சிக்கிட்டு எனக்கு என்னத்துக்கு வம்பு’ என்று ஒரு நாள் சொல்லிவிடுவார். அப்புறம் அவரைத் தேடி வருகிறவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டுமே.

இங்கேதான் முறையின் முதல் குறை தெரிகிறது. பட்டியலில் பெயர் ஏற்ற ஆயிரம் வழி உண்டு. இறக்க ஒரு வழிகூட நடைமுறையில் இல்லை. விதி இல்லாமல் இல்லை. சந்தேக நபரின் பதிவேட்டை ஆண்டு இறுதி வரைக்கும் வைத்திருந்து, தொடர்வதா முடிப்பதா என்று உயரதிகாரி ஒருவர் மறுபடி பார்த்து உத்தரவிட வேண்டும் என்பது காவல்துறை நிலையாணைகளின் அடிப்படை. மனதைச் செலுத்திப் பார்க்கச் சொன்ன இடத்தில், ‘கண்காணிப்புத் தேவை, தொடரலாம்’ என்று ஒரே வாக்கியம் ஆண்டுதோறும் ஒட்டப்படுகிறது. தொடர்ந்தால் அதிகாரிக்கு ஆபத்தில்லை. நீக்கிய மறுமாதம் அவன் ஏதாவது செய்துவிட்டால் கேள்வி அதிகாரியைத்தான் கேட்பார்கள். இந்தப் பயம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை அதிகாரி கொடுப்பதில்லை, சூளைத் தொழிலாளி கொடுக்கிறார்.

இரண்டாவது குறை, பிணை வாங்குகிற கை யாருடையது என்பது. நன்னடத்தைப் பிணை நிர்வாக நடுவர் முன்பு எழுதப்பட வேண்டும். ஊரகத்தில் அவர் வருவாய்த்துறை அதிகாரி. மாநகரங்களில் 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகள் அந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்திருந்தன. புகார் சொல்கிறவரும் தீர்ப்பு எழுதுகிறவரும் ஒரே சீருடையில் இருந்தார்கள். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.சதீஷ்குமார், என்.ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு அந்த அரசாணைகளை ரத்து செய்தது. நிர்வாகத்தையும் நீதியையும் பிரித்து வைக்கச் சொல்லும் அரசியல் சாசனத்துக்கு அது முரண் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு சரி. ஆனாலும் கிராமப்புறத்தில் வருவாய் அதிகாரியின் மேசைக்கு வரும் காகிதத்தை எழுதுவது ஸ்டேஷன்தான். பட்டா மாறுதலுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் நடுவில் அவர் அதை எவ்வளவு நேரம் படிப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது குறை பழையது, ஆழமானது. எல்லை தாண்டுகிறவனைக் கண்காணிக்கும் வேலையைத் தென்தமிழகம் முன்பே பார்த்தது குற்றப் பரம்பரைச் சட்டத்தில். 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட அந்தச் சட்டத்தில், குறிப்பிட்ட சாதியில் பிறந்தவன் என்பதே குற்றம். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். இரண்டு ஊர் அதிகாரிகள் ஒருவனைப் பற்றிச் செய்தி பரிமாறிக்கொண்ட பழைய ஏற்பாடு அது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணம் 1947இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. அதைத் தொடர்ந்து 1948இலேயே ‘வழக்கமான குற்றவாளிகள்’ கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாதி என்ற சொல் போய், வழக்கம் என்ற சொல் வந்தது. பட்டியல் எழுதிய கைக்குப் பழக்கம் உடனே போய்விடுமா?

போகவில்லை என்பதற்குச் சாட்சி பாளையங்கோட்டையிலேயே இருந்தது. அந்தச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதைச் சண்டை வராமல் தடுக்கும் ஏற்பாடு என்று அரசு நியாயப்படுத்தியது. உயர் நீதிமன்றமும் முன்பு அதை ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அந்த நியாயத்தை ஏற்க மறுத்தது. சிறைக்குள் சாதிப் பாகுபாட்டை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தள்ளிய அந்தத் தீர்ப்பு, ‘வழக்கமான குற்றவாளி’ என்ற முத்திரையைச் சிறை விதிகள் தம் இஷ்டத்துக்குக் குத்தக்கூடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், சரித்திரப் பதிவேடு காவல்துறையின் உள்ஆவணம், ஊருக்குப் பறைசாற்றுவதற்கு அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் நினைவூட்டியது. விளிம்புநிலைச் சமூகத்தவர் பெயர் யந்திரத்தனமாக ஏறாமல் பார்த்துக்கொள்ள எல்லா மாநிலங்களும் யோசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

நான்காவது குறையை நான் எல்லாவற்றிலும் பெரியதாக நினைக்கிறேன். பயணம் செய்கிற தகவல் ஒரு பக்கமாகவே பயணம் செய்கிறது. பாளையங்கோட்டைச் சிறைக்குள் ஒருவர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்கலாம், தறி கற்றிருக்கலாம், நன்னடத்தைக்காகத் தண்டனைக் குறைப்புப் பெற்றிருக்கலாம். சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் பணப்பெட்டியை ஒரு ரூபாய் குறையாமல் கையாண்டிருக்கலாம். அவர் விடுதலையாகும் தேதி ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறது. மேற்சொன்ன எதுவும் வருவதில்லை. சிறை திருத்தியதைக் காவல்துறை அறியாது. சிறைச் சீர்திருத்தம் மதில் சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. சிறை நெரிசலைக் குறைக்கச் சொல்லி 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலிபோர்னியாவுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்த சட்டம், சிறிய குற்றவாளிகளின் பொறுப்பை மாநிலத்திடமிருந்து மாவட்டங்களுக்கு மாற்றியது. வெளியே வருகிறவர்களைக் கண்காணிக்க அண்டை நகரங்களின் காவல்துறையினர் கூட்டுக் குழுக்களில் சேர்ந்தார்கள். திரும்பத் திரும்ப எழுந்த விவாதம், பணம் கண்காணிப்புக்குப் போகிறதா, வேலைக்கும் போதை மீட்சிக்கும் போகிறதா என்பதுதான். பாஸ்டன் நகரில் 1996இல் வந்த ‘சீஸ்ஃபயர்’ திட்டத்தில் காவலரும் நன்னடத்தை அலுவலரும் பாதிரியாரும் இளைஞர் நலப் பணியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ‘மறுபடி சுட்டால் விடமாட்டோம், நிறுத்தினால் கைகொடுப்போம்’ என்று சொன்னார்கள். இளைஞர் கொலைகள் கணிசமாகக் குறைந்தன. அந்த வாக்கியத்துக்கு இரண்டு பாதி உண்டு. நம்மிடம் முதல் பாதி மட்டும் இருக்கிறது.

நம்மால் முடியாதது இல்லை. ‘பருந்து’ பறக்கும் சென்னையிலேயே, முதல் முறை குற்றத்தில் சிக்கிய இளைஞர்களுக்காகக் காவல்துறையும் சிறைத்துறையும் சேர்ந்து ‘பறவை’ என்றொரு திட்டத்தையும் தொடங்கின. பெயர்ப் பொருத்தம் தற்செயலாக இருக்கலாம். பருந்துக்குக் கிடைக்கிற கவனம் பறவைக்குக் கிடைப்பதில்லை என்பது தற்செயல் அல்ல. பிடித்த கணக்கைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் மேசைமேல் பரப்பிக் காட்டலாம். திருந்திய கணக்கை அப்படிக் காட்ட முடியாது.

ஆகவே என் முடிவு இது. ஸ்டேஷன்களும் மாவட்டங்களும் சேர்ந்து கண்காணிப்பது தொடரட்டும். பழிக்குப் பழி நடக்கும் மண்ணில் அதைக் கைவிடுவது பொறுப்பற்ற செயல். ஆனால் சேர்ந்து ஏற்றுகிறவர்கள் சேர்ந்து இறக்கவும் வேண்டும். ஒரு மாவட்டத்தில் நீக்கிய பெயர் பக்கத்து மாவட்டக் கணினியிலும் அன்றே நீங்க வேண்டும். சிறையின் நடத்தை அறிக்கை விடுதலைத் தேதியோடு சேர்ந்தே ஸ்டேஷனுக்கு வர வேண்டும். பதிவேட்டைத் தொடர்வதென்றால் காரணத்தைப் புதிதாக எழுத வேண்டும், போன வருடத்து வாக்கியத்தைப் பிரதி எடுக்கக் கூடாது. கையெழுத்துக்கு அழைப்பதானால் கூலி போகாத நேரத்தில் அழைக்கலாம்.

இதற்குப் புதுச் சட்டமோ புதுச் செயலியோ வேண்டாம். வருகிற டிசம்பரில் தென்காசி, திருநெல்வேலி எஸ்.பி.க்களும் மாநகரக் கமிஷனரும் பாளையங்கோட்டைச் சிறைக் கண்காணிப்பாளரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து, பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் போதும். ஆண்டு முடிவில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நிலையாணையிலேயே இருக்கிற விதி.