28 பத்தாகும் நயம்

28, 8, −3, 7, −1, 1, 18, 12. புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் புழங்கும் எண்கள் இவை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு எட்டு உயர்நிலைப் பள்ளிகள் தனிப்பயிற்சி அளித்தன. 200 முதல் 800 வரை போகும் மொழித்திறன் மதிப்பெண்ணை அந்தப் பயிற்சி எவ்வளவு உயர்த்தியது என்பதற்கான பள்ளிவாரி மதிப்பீடுகளே இந்த எட்டும். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1981-ல் இவற்றை எடுத்து ஆராய்ந்தார்.

முதல் பள்ளியின் 28-ஐ அப்படியே நம்பலாமா? அதன் திட்டப்பிழையே, அதாவது மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவே, 15. சரி, எட்டையும் ஒன்றாகக் கலந்தால் ஏறக்குறைய 8 கிடைக்கும்; ஆனால் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடே இல்லை என்று சாதித்ததாகிவிடும். பலநிலை மாதிரி என்னும் புள்ளியியல் முறை இந்த இரண்டுக்கும் இடையே நடக்கிறது. ஒவ்வொரு பள்ளியையும் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கிறது. எவ்வளவு இழுப்பது என்பதைத் தரவே சொல்கிறது.

ரூபினும் கெல்மன் முதலியோரும் எழுதிய புள்ளியியல் பாடநூலில் இந்த மாதிரி தரும் முடிவுகளின் அட்டவணை இருக்கிறது. 28 பத்தாக இறங்குகிறது. 18 பெற்ற பள்ளியும் அதே பத்தில் வந்து நிற்கிறது. அதன் திட்டப்பிழை 10 மட்டுமே என்பதால் குறைவாகவே இழுபட்டது. இதைவிட நான் மனம் பறிகொடுத்த இடம் அடிவரிசையில் இருக்கிறது. −3 பெற்ற பள்ளி 7-க்கு ஏறுகிறது. −1 பெற்றது 5-க்குத்தான் வருகிறது. கடைசியில் இருந்தது முந்திக்கொள்கிறது! −3-இன் திட்டப்பிழை 16, −1-க்கு 9. உறுதியாகச் சொல்லப்பட்ட குறைவுக்கு மாதிரி காது கொடுக்கிறது. தடுமாறிச் சொல்லப்பட்டதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வெறும் பெருக்கலும் கூட்டலும் இத்தனை நுட்பமாக நியாயம் பேசும் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

பள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது? அதையும் மாதிரி முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. சுழியமாக இருக்கவும் தரவு இடம் தருகிறது. ஆனாலும் சுழியம் என்றே முடிவுகட்டாமல், பொருந்தக்கூடிய எல்லா அளவுகளையும் அவற்றின் தகுதிக்கேற்ப எடைபோட்டுச் சேர்த்துக்கொள்கிறது.

அதனால்தான் முதல் பள்ளியின் உண்மையான பயன் 95 சதவீத வாய்ப்புடன் அடங்கும் இடைவெளி −2-இலிருந்து 31 வரை அகன்று கிடக்கிறது. பத்து என்று மதிப்பிட்ட பிறகும் 28-க்கு அதனுள் இடமிருக்கிறது.