அழகர் கையில் என்ன இருக்கிறது? ஏஐ கருவிகளோடு ஒரு சித்திரை வேலை

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் அழகர்கோவில் தொடங்கி மூன்றுமாவடி, தல்லாகுளம், வண்டியூர் வரைக்கும் எங்களைப் போன்ற ஆட்களுக்குத் தூக்கம் கிடையாது. அழகரை வழியில் நிறுத்தி உபசரிக்கும் மண்டகப்படிக்காரர்களுக்கு ஃப்ளெக்ஸ், அன்னதான நோட்டீஸ், சுவர் போஸ்டர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சின்ன வீடியோ, கூடவே அழகர் வருகிற வழியெல்லாம் படம் எடுக்கும் வேலை. மாதச் சம்பளம் இல்லாமல் ஒரு கேமராவையும் ஒரு கணினியையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். இப்போது வாடிக்கையாளரே போனில் படம் செய்து அனுப்பிவிடுகிறார். “தம்பி, இது நானே ஏஐல போட்டது. பேரை மட்டும் சேத்துக் குடுங்க, எவ்வளவு ஆகும்?” என்கிறார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும் என்றுதான் இந்தக் கருவிகளை விளம்பரத்தில் காட்டுகிற மாதிரிப் படங்களில் சோதிக்காமல், சித்திரைத் திருவிழா வேலைகளிலேயே போட்டுப் பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இருட்டில் எடுத்த படங்களின் புள்ளிகளை நீக்கும் வசதிக்குக் காசு கொடுக்கலாம், யோசிக்கவே வேண்டாம். அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவு வரை நீளும். அழகர் வைகையில் இறங்குவது விடிந்தும் விடியாத நேரம். ட்யூப்லைட், பந்தம், வீடியோக்காரர்களின் எல்இடி விளக்கு எல்லாம் கலந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை 6400, 12800 என்று ஏற்றினால்தான் குதிரை வாகனத்தின் ஆட்டத்தை நிறுத்திப் பிடிக்க முடியும். படம் முழுக்க மணல் தெளித்தது போல் புள்ளிகள் வரும். அடோபி லைட்ரூமில் 2023 ஏப்ரலில் ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு, முன்பு தூக்கிப் போட்டிருக்கக்கூடிய ரா ஃபைல்கள் இப்போது ஆல்பத்துக்குத் தேறுகின்றன.

ஆனால் அளவு முக்கியம். நான் 30, 35-க்கு மேல் தள்ளுவதில்லை. எதிர்சேவையில் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுகிறவர்களின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கொளியில் சிதறும் பொடித் துளிகளும் சென்சார் புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். இந்த வகைக் கருவி எதுவானாலும், அளவை ஏற்ற ஏற்ற இரண்டையும் சேர்த்துத் துடைக்கும். தண்ணீர் பீய்ச்சும் படத்தில் தண்ணீர் போய்விட்டால் அந்தப் படம் எதற்கு? கூட்டத்தில் தூரத்தில் நிற்கிற முகங்களும் அப்படித்தான், மெழுகு பூசினது போல ஆகிவிடும். அந்த முகங்களில் ஒன்று வாடிக்கையாளரின் அம்மாவாக இருக்கலாம். அதனால் மொத்தமாக நூறு படத்தை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை இதில் இல்லை. ஒவ்வொன்றையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தாக வேண்டும்.

தானாக வண்ணம் திருத்தும் பொத்தானை மட்டும் அழகர் படத்தில் தொடவே கூடாது. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதைப் பார்த்துத்தான் அந்த வருஷம் மழை எப்படி, வெள்ளாமை எப்படி என்று மதுரைச் சனம் பேசும். பச்சை என்றால் செழிப்பு. சோடியம் விளக்கின் மஞ்சளைக் கருவி ‘சரிசெய்யும்’போது பச்சை கொஞ்சம் நீலத்துக்கு நகரும், மஞ்சள் வெளுக்கும். கருவிக்கு அது சின்னத் திருத்தம். இங்கே அது செய்தியையே மாற்றுவது. நான் பட்டின் மேல் தனியாக மாஸ்க் போட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தை ஒப்பாக வைத்துக் கையால்தான் நிறம் பார்க்கிறேன்.

ஒயர், பின்னணியில் தொங்கும் விளம்பரத் தட்டி, குறுக்கே நீளும் செல்போன் கை, இவற்றை அழிக்க ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் அருமை. 2023 மே மாதம் சோதனைப் பதிப்பாக வந்தது. அதற்கு முன் க்ளோன் ஸ்டாம்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் செய்த வேலை. அந்த மணிக்கணக்கான வேலைக்கு எந்த வாடிக்கையாளரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. அதைக் கருவியிடம் ஒப்படைப்பதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ஆல்பத்துக்கும் ஃப்ளெக்ஸுக்கும் மட்டும்தான் இது. பத்திரிகைக்குக் கொடுக்கிற படத்தில் ஒரு ஒயரைக்கூட அழிக்க மாட்டேன்.

இனி வாடிக்கையாளர் அனுப்பும் ‘நானே போட்ட படம்’. கள்ளழகர் மலையை விட்டுப் புறப்படும்போது கள்ளர் திருக்கோலத்தில் வருவார். கண்டாங்கிப் பட்டு, கொண்டை, கையில் நேரிக்கம்பு. இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கமாக எழுதி, வார்த்தையிலிருந்து படம் செய்யும் ஒரு கருவியிடம் கேட்டேன். வந்தது பளபளவென்று ஒரு பெருமாள். சங்கு, சக்கரம், வடநாட்டுக் கிரீடம், தொடர்களில் வருகிற மாதிரி முகம், பின்னால் பனிமலை. நேரிக்கம்புக்குப் பதில் ஒரு தடவை புல்லாங்குழல், ஒரு தடவை செங்கோல். அழகர்மலை பனி பார்த்த மலையா? காரணம் புரிகிறது. இந்தக் கருவிகள் இணையத்தில் குவிந்துகிடக்கும் படங்களைப் பார்த்துப் பழகியவை. பெருமாள் என்றால் அங்கே லட்சக்கணக்கில் கிடைப்பது பொதுவான ஒரு பெருமாள். கள்ளர் கோலத்தில் பல்லக்கில் வரும் அழகரை நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்த படங்கள் குறைவு. கோவிலுக்குள் எடுக்கவும் முடியாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோவில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது.

மாதிரிப் படம் கொடுத்துத் திருத்தச் சொன்னால் நிலைமை வேறு. 2025-ல் வந்த சாட்ஜிபிடியின் புதிய பட வசதியும் கூகுளின் நானோ பனானாவும் நாம் கொடுக்கும் படத்தை வைத்துக்கொண்டு பின்னணியை மாற்ற, வெளிச்சத்தைக் கூட்டக் கூடியவை. அப்போது நான் எடுத்த அழகர் அழகராகவே இருக்கிறார், மேகம் மட்டும் மாறுகிறது. என் அனுபவத்தில் நாம் பிழைக்கிற வழி இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூலப் படம் யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கியிருக்கிறது. கோவில்பட்டியில் இருந்து வரைந்த ஓவியர் கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராகி வீடு வீடாகப் போன காலத்திலும், அச்சு இயந்திரம் எத்தனை ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் அடித்தது. எந்தச் சாமிக்கு எந்தக் கோலம் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது, வரைந்தவருக்குத்தான் தெரியும்.

அளவு விஷயத்தில் வாடிக்கையாளருக்குப் பொறுமையாகக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தடி அகல ஃப்ளெக்ஸ் என்றால் 120 அங்குலம். பல கருவிகள் தரும் 1024 பிக்சல் படத்தை அதில் பரப்பினால் அங்குலத்துக்கு எட்டரை பிக்சல்தான். பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 2025 நவம்பரில் வந்த நானோ பனானா ப்ரோ 4கே வரை தருகிறது. நாலாயிரத்துச் சொச்சம் பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 34. சாலையில் போகிறவர் கண்ணுக்கு அது போதும். போனில் அழகாகத் தெரிந்தது ஃப்ளெக்ஸில் ஏன் அசிங்கமாகிறது என்ற சண்டை இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு குறைந்திருக்கிறது.

தமிழ் எழுத்தைப் படத்துக்குள்ளேயே போடச் சொல்லாதீர்கள். ‘கள்ளழகர்’ என்ற ஒரு சொல்லை இப்போது பல கருவிகள் ஒழுங்காக எழுதிவிடுகின்றன. உபயதாரர் பெயர் இருபது போட்டால் ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறும், கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும், இல்லாத எழுத்தே முளைக்கும். எழுத்தில்லாத பின்னணியாகப் படத்தை வாங்கி, எழுத்தை ஃபோட்டோஷாப்பிலோ கோரல் டிராவிலோ நாமே அடிப்பதுதான் சரி. ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ் உடைந்து தெரிந்தால் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றினால் போதும். இன்னொன்று: ஏஐ எழுதித் தருவது யூனிகோட். நம்மூர் அச்சகங்கள், ஃப்ளெக்ஸ் கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள்தான். மாற்றியைப் போட்டு மாற்றிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் படிக்காமல் பிரிண்டுக்கு அனுப்பக் கூடாது.

நோட்டீஸ் வாசகம் எழுத இந்தக் கருவிகள் முன்பைவிட எவ்வளவோ தேறிவிட்டன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, 116 துண்டாக உடைத்துப் படித்த ஒரு தமிழ் வாசகத்தை இனி 35 துண்டிலேயே படிக்கும் என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது. தமிழில் வேகமும் செலவும் அதனால் மாறின. அன்னதானத்துக்கு அழைக்கும் நாலு வரி கேட்டால் நன்றாகவே தருகிறது. ஆனால் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம் மூன்றையும் நம்பவே கூடாது. தெரியாததையும் தெரிந்தது போலவே எழுதும். பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்துத்தான் போட வேண்டும். பெயர் வரிசையும் அப்படி. மண்டகப்படி நோட்டீஸில் எந்தப் பங்காளி பெயர் முதலில், யார் பெயருக்கு முன்னால் ‘உயர்திரு’, மறைந்த பெரியவர் பெயரை எங்கே போடுவது என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்து பேசி முடிவானது. வாசகத்தைச் சுருக்கிக் கொடு என்றால் கருவி அதிலிருந்து இரண்டு பெயரைச் சுருக்கிவிடும். திருவிழாவன்று அந்தக் குடும்பத்தில் நடக்கிற சண்டையைக் கருவி வந்து தீர்க்காது.

பேச்சை எழுத்தாக்கும் வேலையில்தான் எனக்கு நேரம் அதிகம் மிச்சம். திரி எடுத்து ஆடுகிறவர்களிடமும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடமும் பேட்டி எடுத்து ஆவணப்படத்துக்கு எழுத்து போடுவது பெரிய உழைப்பு. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் தமிழும் கேட்கும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே செய்த மாதிரிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நகலுக்கு இவை போதும். சிக்கல் எங்கே என்றால் நம்ம பேச்சில். “சாமி எறங்குனதும் எங்காளுக அங்கிட்டுத்தான் நிப்பாய்ங்க” என்று பெரியவர் சொன்னதை ஒரு கருவி “சாமி இறங்கியதும் எங்கள் ஆட்கள் அங்குதான் நிற்பார்கள்” என்று எழுதித் தந்தது. பொருள் சரி. ஆள் காணாமல் போய்விட்டார். மதுரைக்காரர் திரையில் பேச, கீழே பாடப்புத்தகம் ஓடினால் பார்க்கிறவருக்கு ஒட்டாது. ஆகவே நேரக்குறிப்போடு நகலை மட்டும் அதனிடம் வாங்கிக்கொண்டு, வாசகத்தைக் காதால் கேட்டு நானே திருத்துகிறேன். இந்தத் திருத்தத்துக்கு இப்போது தனிக் கட்டணம் வாங்குகிறேன், கொடுக்கிறார்கள்.

காசு பற்றி. 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடி கோ இந்தியாவில் மாதம் 399 ரூபாய்க்கு வந்தது, நவம்பரில் ஒரு வருஷத்துக்கு இலவசம் என்றார்கள். ஏர்டெல்காரர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி, ஜியோகாரர்களுக்கு ஜெமினி என்று இலவசங்கள் வரிசை கட்டின. இப்படி ஏதாவது கிடைத்தால் பழகிப் பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தொழிலை அதன் மேல் கட்டாதீர்கள். இலவசம் முடிகிற தேதியை இன்றே காலண்டரில் குறியுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைகள் இருக்கும் படத்தை ஏற்றும் முன், நம் கோப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் தெரிவை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் மொட்டை, காதுகுத்துப் படங்களை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உரிமை விஷயத்தில் பில்லின் பின்பக்கம் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். இது தெரியாத புகைப்படக்காரர்கள் ஏராளம். எனவே ‘மூல ரா ஃபைல் எடுத்தவருக்கே, ஏஐ பயிற்சிக்கோ உருமாற்றத்துக்கோ எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவை ஏஐயால் மாற்றி மறுபடி வெளியிட்டபோது இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவ்வளவு பெரியவர்களையே கேட்காமல் செய்கிறார்கள் என்றால் அழகர்கோவில் சாலையில் இருக்கிற நம்மை யார் கேட்பார்கள்? ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை 2024-ல் ஏஐயால் மீட்டெடுத்த ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். குரல் கொடுத்துப் பிழைக்கும் நம் நண்பர்கள் தங்கள் ஒப்பந்தத்துக்கு அந்த முறையை முன்மாதிரியாகக் காட்டிக் கேட்கலாம்.

‘பேரை மட்டும் சேத்துக் குடுங்க’ என்று வருகிறவரிடம் இப்போது இரண்டு விலை சொல்கிறேன். அவர் படத்திலேயே எழுத்து மட்டும் போட ஒரு விலை. எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பு, படத்துக்குப் பொறுப்பில்லை. நான் எடுத்த அழகர் படத்தில் செய்து தர இன்னொரு விலை, கூடுதல்தான். இரண்டையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான் முடிவு சொல்கிறார்கள். “இது நம்ம அழகர் இல்லயேப்பா” என்று அந்தப் பளபளப்பைத் தள்ளிவிடுகிறார்கள்.

அடுத்த சித்திரைக்கு முன்னால் செய்து முடிக்க ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆட்டுத்தோல் பை, துருத்தி, திரி, வர்ணக்குடை, சர்க்கரை நிரப்பிச் சூடமேற்றிய சொம்பு, இவற்றையெல்லாம் சொந்தக்காரர்களிடம் சொல்லி, பகல் வெளிச்சத்தில், நாலு பக்கமும் சுற்றி எடுத்து, அவரவர் சொல்லும் பெயரோடு தொகுத்து வைப்பது. கருவிக்கு மாதிரிப் படமாகக் கொடுக்க அதுதான் தேவைப்படுகிறது, வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் இதே வேலை பார்க்கிற நாலைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்து, யார் பயன்படுத்தினாலும் எடுத்தவருக்கும் பொருளின் சொந்தக்காரருக்கும் காசு போகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள்.