பிம்பமும் பெண்ணும்: ‘அவள் அப்படித்தான்’ குறித்து ஒரு நோக்கு

காதலிற் பலமுறை ஏமாற்றமுற்ற பெண்ணொருத்தியை மையமாகக் கொண்டு உருத்திரையா நெறிப்படுத்திய கறுப்பு வெள்ளைப் படமான ‘அவள் அப்படித்தான்’ 1978ஆம் ஆண்டு வெளிவந்தது. இதே பொருளைச் சுவீடன் நெறியாளர் இங்மார் பேர்க்மன் 1955இல், ‘பெண்ணின் கனவு’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட படத்திற் கையாண்டிருந்தார். பேர்க்மனின் சுசான் நவநாகரிக உடைப் படங்கள் எடுக்கும் நிலையத்தை நடத்துபவள். உருத்திரையாவின் மஞ்சு விளம்பர நிறுவனத்திற் பணிபுரிபவள். பெண்ணின் சிரிப்பை விலைப்படுத்தும் தொழிலிலுள்ள இருவர் முகத்திலும் சிரிப்பு நிலைக்கவில்லை.

முடிவிலேதான் இரு படங்களும் வேறுபடுகின்றன. மணமான பழைய காதலனின் அழைப்புக் கடிதத்தைச் சுசான் கிழித்தெறிகிறாள். தீர்மானம் அவள் கையிலுள்ளது. மஞ்சுவோ நடுத்தெருவில் இறக்கிவிடப்படுகிறாள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், சிற்றூர்ப் பெண்ணொருத்தியை மணந்து காரிற் சென்றுவிடுகிறான். தியாகுவின் இகழ்ச்சியை மட்டுமன்றி அருணின் பரிவையும் ஐயுறச் செய்வது இப்படத்தின் தலையாய சிறப்பு.

ஆயினும் குறையொன்றுண்டு. தாயின் நடத்தை, உறவினன் எனப் பழகியவனின் கொடுமை, காதலித்தோரின் கோழைத்தனம் என மஞ்சுவின் கசப்புக்குக் காரணங்களை அடுக்கும் படம், இறுதியில் அவள் மீண்டும் மீண்டும் இறந்து பிறப்பவள் என்கிறது. சமூகம் விளைவித்தது இயல்பாகிவிடுகிறது; தலைப்பும் அதற்கே துணைபோகிறது.

பெண் விடுதலை பற்றி மஞ்சு வினவ, தனக்கு அதுபற்றித் தெரியாது என்கிறாள் அருணின் மனைவி. அதனாலேயே அவள் மகிழ்ச்சியாயிருக்கிறாள் என்பது மஞ்சுவின் கூற்று. இக்கூற்று ஹற்றன், நுவரெலியா மலைகளில் ஏறமாட்டாது. தேயிலைப் பெட்டிகளின் மேல் கூடை சுமந்து சிரிப்பவளும் விளம்பரம் படைத்த பிம்பமே. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையினர் பெண்களாயிருந்தும், ஆணுக்கு நிகரான நாட்கூலி அவர்களுக்கு 1984இலேயே கிட்டியது. அவள் உழைப்பின் கூலியை வீட்டு ஆடவர் பெற்றுக்கொள்வதும் நெடுங்காலம் வழக்காயிருந்தது. கொழுந்து பறித்து மீண்டு லயத்தில் அடுப்பு மூட்டியவள் ‘விடுதலை’ என்ற சொல்லைக் கேளாதிருக்கலாம். அதனால் அவள் மகிழ்ந்திருந்தாள் எனல் பொருந்தாது.

அறியாமையே மகிழ்ச்சி என்பது மஞ்சுவின் மனக்கசப்பிற் பிறந்த சொல்லாகலாம்; படம் அதனை மறுத்துரைக்காமல் விட்டது பிழை. தமிழ்த் திரையில் அரிதாய் எழுந்த வினாவொன்றை எழுப்பியமைக்காக இப்படம் போற்றத்தக்கது. அவ்வினாவை மலைத்தோட்டத்துப் பெண்ணிடம் கொண்டுசெல்லும் படமே அதன் அடுத்த படியாகும்.