அரை அழுத்தம்: கடலூரில் எடுத்த ஒரு படமும் ஒரு பழைய கேமராவும்

சித்தப்பாவின் ஸ்டுடியோ சிதம்பரம் மேலவீதியில் இருந்தது. டிஜிட்டல் வந்த பிறகு அது முதலில் ஜெராக்ஸ் கடையானது, அப்புறம் ரீசார்ஜ் கடையானது. கடையைக் காலி செய்த அன்று எனக்குக் கிடைத்தது ஒரு கேனான் ஈஓஎஸ் 300. 1999இல் வந்த மாடல், ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா. "பேட்டரி போட்டா ஓடும்டா. ஆனா இனிமே இத வச்சு என்ன பண்ணப் போற?" என்றார். எனக்கும் தெரியவில்லை. பல வருடம் பீரோவில் கிடந்த அந்தக் கேமராதான், கடலூரில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தைப் பற்றி நான் நினைத்திருந்ததை எல்லாம் புரட்டிப்போட்டது.

முதலில் கேமரா. பின்கதவைத் திறந்து ரோலை வைத்து, ஃபிலிமின் நாக்கை உள்ளே இருக்கும் குறி வரை இழுத்துவிட்டு மூடினால் மோட்டார் சத்தம் கேட்கும். இந்த மாடல் மொத்த ஃபிலிமையும் முதலிலேயே வெளியே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு படம் எடுக்க எடுக்க, எடுத்த பகுதி திரும்ப டப்பாவுக்குள் போகும். அதனால் எண்கள் 36இலிருந்து இறங்குமுகமாக ஓடும். தவறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டால் இன்னும் எடுக்காத ஃபிலிம்தான் வீணாகும், எடுத்த படங்களுக்கு ஒன்றும் ஆகாது. புரொடக்‌ஷன் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என்னைப் போன்ற ஆளுக்கு இந்த யோசனை ரொம்பவே பிடித்துப்போனது.

அடுத்தது ஷட்டர் பொத்தான். அதைப் பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் பிடிக்கும், முழுதாக அழுத்தினால் படம் விழும். உள்ளே நடப்பது இதுதான். லென்ஸ் வழியாக வரும் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடியில் பட்டு மேலே நம் கண்ணுக்கு வருகிறது. கொஞ்சம் ஒளி அந்தக் கண்ணாடியைக் கடந்து, பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பட்டுக் கீழே சென்சாருக்குப் போகிறது. லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து வந்த ஒளி ஒரு வரிசையிலும், மறுபக்கத்திலிருந்து வந்தது இன்னொரு வரிசையிலும் விழும். இரண்டு அரேக்களையும் நகர்த்தி நகர்த்தி எங்கே பொருந்துகிறது என்று தேடும் ஒரு லூப், அவ்வளவுதான். எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்ததும் மோட்டார் லென்ஸை நகர்த்தும். 1985இல் மினோல்டா 7000 இதைக் கேமராவின் உடம்புக்குள்ளேயே வைத்து விற்றுக் காட்டியது. மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன.

ஏழு புள்ளிகளில் எதில் ஃபோகஸ் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். கேமராவிடமே விட்டுவிட்டால் பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். முக்கியமானது எது என்று அதற்குத் தெரியாது, அருகில் இருப்பது எது என்றுதான் தெரியும். அதனால் பழகியவர்கள் நடுப்புள்ளியில் ஆளைப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு, சட்டகத்தை நகர்த்தி, பிறகுதான் முழுதாக அழுத்துவார்கள். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்ற முடிவு அந்தப் பாதி அழுத்தத்தில் நடக்கிறது. படம் பதியும் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பிவிடும், வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். அந்த ஒரு கணத்தை மட்டும் படம் எடுப்பவர் பார்ப்பதில்லை.

இனி அந்தப் படம். 2004 டிசம்பர் 28, கடலூர். சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்கோ தத்தா எடுத்தது. அந்த ஆண்டின் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ விருது அதற்குத்தான். மணலில் ஒரு பெண் கவிழ்ந்து கிடக்கிறார். இரண்டு உள்ளங்கைகளும் வானம் பார்த்து விரிந்திருக்கின்றன. சட்டகத்தின் ஓரத்தில், இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. உடல் இல்லை, முகம் இல்லை. அதற்குள் செய்தி நிறுவனங்கள் டிஜிட்டலுக்குப் போய்விட்டிருந்தன. ஆனால் கண்ணாடியும் ஃபோகஸ் முறையும் பாதி அழுத்தமும் என் கையில் இருக்கும் இந்தக் கேமராவில் உள்ள அதே ஏற்பாடுதான்.

இந்தப் படத்தைப் பாராட்டுகிறவர்கள் அந்தக் கையைத்தான் பாராட்டுவார்கள். பிணத்தைக் காட்டாமல் சாவைக் காட்டியது, நிதானம், கண்ணியம் என்பார்கள். இதற்கு இருபது ஆண்டு முன்னால், 1984 போபாலில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது புரியும். மண்ணில் புதைபடும் பெயர் தெரியாத அந்தக் குழந்தையை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார்கள். பார்த்தலோமியோவின் வண்ணப் படம் அந்த ஆண்டின் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ. ரகு ராயின் படத்தில் நடுவில் இறந்த முகம், உயிரோடிருப்பவர் வெறும் கை. கடலூர்ப் படத்தில் இது அப்படியே தலைகீழ். நடுவில் உயிரோடிருப்பவர், இறந்தவர் வெறும் கை.

எனக்கு இந்தப் பாராட்டில் ரொம்ப நாளாக உடன்பாடில்லை. இரண்டு காரணம். ஒன்று, இறந்தவருக்குக் கிடைத்த மறைப்பு அழுகிறவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தரையோடு தரையாகக் கிடக்கிறார், நாம் நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கிறோம். இரண்டாவது இன்னும் முக்கியம் என்று நினைத்தேன். நம்ம ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் யாரும் தனியாக அழுவதில்லை. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, தோளில் தலை சாய்த்து, ஒப்பாரி சொல்லி அழுவார்கள். ஒருத்தி மணலில் விழுந்தால் நாலு பேர் தூக்குவார்கள். அந்த நாலு பேரையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, உலகத்துக்குப் புரிகிற மாதிரி ஒரு தனி மனுஷியின் துக்கமாக இதைச் செய்துவிட்டார் தத்தா. இதுதான் என் வாதம். இதை ஒரு கட்டுரையாகவே பாதி எழுதியும் வைத்திருந்தேன்.

2024 டிசம்பர் 26. இருபதாம் ஆண்டு. சித்தப்பாவின் கேமராவில் ரோல் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் விடியற்காலை பஸ் ஏறினேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வழக்கம்போல ஜனங்கள் கடலில் பால் ஊற்றிக்கொண்டும் பூ விட்டுக்கொண்டும் இருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். இருபது வருடத்தில் அழுகை குறைந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். குறையவில்லை.

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவனின் அம்மா அங்கே வந்திருந்தார். மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். கூட்டம் கலைந்த பிறகு, ஒரு தயக்கத்தோடுதான், மொபைலில் அந்தப் படத்தைக் காட்டி, "பாக்கறீங்களாம்மா?" என்றேன். வாங்கிப் பார்த்தார். பெண்ணைப் பார்க்கவில்லை. விரலை நேராக ஓரத்தில் இருக்கும் கையின்மேல் வைத்தார்.

"இந்தக் கைய ஏன் மூடாம உட்டாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் பேச்சை என் வாதத்துக்குத் திருப்பினேன். கூட யாரும் இல்லாத மாதிரி எடுத்திருக்கிறாரே, நம்ம ஊரில் அப்படி விடுவார்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு யாரு தம்பி யாரப் புடிக்கிறது? எல்லா ஊட்லயும் சாவு. நான் ஒரு பக்கம் கெடந்தேன், எந்தங்கச்சி ஒரு பக்கம் கெடந்தா. தண்ணி குடுக்கக்கூட ஆளு இல்ல" என்றார்.

அந்த நாலு பேரைத் தத்தா வெளியே தள்ளவில்லை. அன்று அந்த நாலு பேர் இல்லை, அவர்களும் எங்கோ மணலில்தான் கிடந்தார்கள். ஒப்பாரி சொல்லக் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டமே இல்லாமல் போன நாளின் படம் அது. சாவு வீடு எப்படி இருக்கும் என்ற என் பொது அறிவை வைத்து நான் அந்தப் படத்தை அளந்தேன். அது பொதுவான சாவு இல்லை. கேமராவை ஏழு புள்ளிகளில் தானாகத் தேட விட்டால் அது அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்வது போலத்தான், நானும் எனக்கு அருகில் இருந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் காரணத்தை மட்டும் நான் விடவில்லை. ஆனால் அதையும் அந்த அம்மாவின் கேள்வி இடம் மாற்றிவிட்டது. கண்ணியம் என்று விமர்சகர்கள் சொன்ன அதே கைதான் அவருக்கு மூடாமல் விட்ட கை. பார்ப்பவருக்கு அது பிணத்தை மறைக்கிற உத்தி. பிணத்தைக் குளிப்பாட்டிக் கோடி போர்த்திப் பழகியவருக்கு, அது இன்னும் முடியாமல் கிடக்கும் ஒரு வேலை. படத்தின் பலமும் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கை நம்மைக் காப்பாற்றவில்லை. இருபது வருடம் கழித்தும் ஒருத்தரை "ஏன் மூடல?" என்று கேட்கவைக்கிறது.

என் ரோலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அன்று காலை நானும் அழுத்தினேன். பால் ஊற்றிய ஒரு பாட்டியின் முகத்துக்காக. பின்னால் வெளுத்த வானம், வெள்ளை நுரை, வெள்ளைப் புடவை. பிடித்துக்கொள்ள ஒரு கோடும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது. ஃபோகஸ் கிடைக்காமல் ஷட்டர் விழாது என்பதால் விரல் பாதி அழுத்தத்திலேயே நின்றது. அந்த இரண்டு மூன்று விநாடியில் விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சென்னைக்கு அனுப்பிக் கழுவி வந்த படத்தில் எவர்சில்வர் செம்பு அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. பாட்டி ஒரு வெளிச்சக் கறை. யாரிடமும் கேட்காமல் எடுத்த படம் அது. இன்னொருத்தரின் கண்ணியத்தைப் பற்றிப் பாதிக் கட்டுரை எழுதி வைத்திருந்தவன் எடுத்தது.

அந்தப் பழைய கட்டுரையை அழித்துவிட்டேன். கடலூர்ப் படத்தை இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நடுவிலிருந்து தொடங்காமல் அந்த ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.