ஷியாமாவுக்குக் கிடைக்காத அறுபது நாள்

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். முதல் தடவை எல்லாரையும் போல அமுதாவுக்காக அழுதேன். இந்தத் தடவை என் கண் ஷியாமா மேலேயே இருந்தது. நிறைமாசமா ராமேஸ்வரம் முகாமுக்கு வர்றா, பெத்துக்கிறா, குழந்தையை விட்டுட்டுப் புருஷனைத் தேடிக் கடல் தாண்டித் திரும்பிடறா.

மணிரத்னம் அவளைக் கெட்டவளாக் காட்டலை. நந்திதா தாஸ் முகத்துல அந்த வலி இருக்கு. ஆனா, குழந்தையை எடுத்துக்கொள்ள நினைக்கும் திருச்செல்வனுக்குப் படத்தில் நிறைய நேரம் இருக்கு. கல்யாணம் ஆகாதவனுக்குக் குழந்தை தர மாட்டோம்னு ஒரு விதி குறுக்கே வருது, அதுக்காகவே இந்திராவைக் கல்யாணம் பண்ணிக்கிறான். எடுத்துக்கிறவனுக்கு விதி, அலுவலகம், காத்திருப்பு எல்லாம் உண்டு. கொடுக்கிறவளுக்கு ஒண்ணுமே கிடையாது. அவகிட்ட யாரும் உட்கார்ந்து, "வேற என்ன வழி இருக்குன்னு பார்ப்போமா?"ன்னு கேட்கலை.

போர்க்காலம், கேட்க யார் இருந்தாங்கன்னு சொல்லலாம். நியாயம்தான். என் புகார் வேற. பெத்தவள் விட்டுட்டுப் போவாள், நல்லவங்க எடுத்துப்பாங்க என்கிற அந்தச் சித்திரத்தைத்தான் நாம இன்னமும் மனசுல வச்சிருக்கோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து லைன் வீடு ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பொண்ணு, மாசமா இருக்கா, கூட நிக்க ஆள் இல்லை. அவ காதுக்கு முதல்ல வர்றது சட்டமா இருக்காது. "குழந்தை இல்லாதவங்க இருக்காங்க, பிரசவச் செலவை அவங்களே பார்த்துப்பாங்க" என்கிற குரலாத்தான் இருக்கும். அந்தக் குரல் எங்கே கொண்டுபோய் விடும்னு 2019-ல் ராசிபுரம் ஆடியோ வெளியானப்போ தமிழ்நாடே கேட்டது. குழந்தைக்கு விலை சொல்லிப் பேசின பேச்சு அது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம்.

சரி, அவளுக்கு உண்மையில் என்னென்ன வழி இருக்கு?

முதல் வழி, குழந்தையைத் தன்கிட்டயே வச்சுக்கிறது. வறுமைதான் காரணம்னா, 'மிஷன் வாத்சல்யா'வில் தகுதியுள்ள குழந்தைக்கு மாசம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கணும்.

ரெண்டாவது, சட்டப்படி ஒப்படைக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்கு, திருவள்ளூருக்கும் உண்டு. 1098-ஐக் கூப்பிட்டாலும் வழி சொல்வாங்க. முதலில் ஆலோசனை, பிறகுதான் கையெழுத்து. கல்யாணமான தம்பதின்னா ரெண்டு பேரும் போடணும், கல்யாணம் ஆகாத தாய்க்கு அவள் கையெழுத்தே போதும். முக்கியமானது இதுதான்: மனசு மாற 60 நாள் அவகாசம் இருக்கு. அதுக்குள்ள வந்து கேட்டால் குழந்தையைத் திரும்பப் பெறலாம். அதுக்கப்புறம் முடியாது. இந்த வழியில், குழந்தை எந்த வீட்டுக்குப் போகணும்னு அவள் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும் சொல்லிடணும்.

மூணாவது, தெரிஞ்ச குடும்பத்துக்கு நேரடியாத் தத்துக் கொடுக்கிறது. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டம் இதை இந்துக்களுக்குள் அனுமதிக்குது. ஆனா இதிலும் காசு கைமாறினால் குற்றம்.

நாலாவது தொட்டில். 1992-ல் ஜெயலலிதா ஆட்சியில் சேலத்தில் தொடங்கிய திட்டம். பெண்சிசுக்கொலை நடந்துகொண்டிருந்த ஊர்களில் அது உயிர்களைக் காப்பாத்தியது, அதை யாரும் குறைச்சுப் பேச முடியாது. ஆனா பேர் சொல்லாமல் தொட்டிலில் போட்டுட்டுப் போனால், அவளிடம் ஆலோசனை சொல்ல யாராலும் முடியாது. ஏன் விட்டாள் என்கிற பதிலும் அவளோடயே போயிடும்.

இங்கதான் படத்தோட கடைசிக் காட்சி ஞாபகம் வருது. அமுதா மழையில் நின்னு கேட்கிற கேள்விகளுக்கு ஷியாமாவால் பதில் சொல்ல முடியலை. இன்றைய தத்தெடுப்பு விதிகளில், வளர்ந்த பிள்ளை தன் வேரைத் தேடி வர இடம் இருக்கு. பெத்தவங்க சந்திக்க மறுத்தாலும், அவங்களைக் கண்டுபிடிக்க முடியாமப் போனாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தாங்க என்பதைப் பிள்ளைக்குச் சொல்லணும்னு விதியே இருக்கு. படத்துல அமுதா கடல் தாண்டிப் போயும் வாங்க முடியாத பதில் அது.

கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம் ஒண்ணு இருக்கு. அதுக்கும் சிப்காட்டுக்கும் நடுவுல எத்தனையோ பிரசவ வார்டு, எத்தனையோ மெடிக்கல் ஷாப். அங்கெல்லாம் 'பெண் குழந்தையைக் காப்போம்' போஸ்டர் ஒட்டுறோம். "60 நாள் இருக்கு, அவசரப்படாதே" என்கிற ஒரு வரியையும் அது பக்கத்துல ஒட்டலாமே.