வான்கோவின் ஜப்பானை எப்படி ரசிப்பது?

வின்சென்ட் வான்கோ ஜப்பானுக்குப் போனதே இல்லை. பாரிஸில் மலிவாகக் கிடைத்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைத் தம்பி தியோவுடன் சேர்ந்து நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தார். அவற்றைப் பார்த்துப் பார்த்தே மனசுக்குள் ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டார். அந்த நாடு அவர் தூரிகையை என்ன செய்தது என்று பார்க்கத் தொடக்கத்துக்கு இரண்டு படங்கள் போதும்.

ஒன்று, ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சுப் படம்: ஷின் ஒஹாஷி பாலத்தின் மேல் பெய்யும் திடீர் மழை, 1857. மற்றது, அதைப் பார்த்து 1887-ல் வான்கோ தீட்டிய எண்ணெய் வண்ணப் படம். கைப்பேசியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர். ஹிரோஷிகேயின் மழை இழை இழையாக இறங்குகிறது. ஒவ்வொரு கோட்டையும் விட்டுவிட்டு, இடைப்பட்ட மரத்தைச் செதுக்கி எடுத்தால்தான் அச்சில் அப்படி விழும். கீழே ஆறு அலையில்லாமல் கிடக்கிறது. வான்கோவின் ஆறோ நெளிகிறது. தண்ணீரெங்கும் கெட்டியான தூரிகைத் தடங்கள். பாலம் மஞ்சளாகப் பளிச்சிடுகிறது. நகலெடுக்க உட்கார்ந்தவர் தன் கைவண்ணத்தைக் காட்டிவிட்டு எழுந்திருக்கிறார்.

அடுத்து, ஓரம். மூலத்தில் இல்லாத சட்டம் ஒன்றை வரைந்து, வேறு அச்சுகளிலிருந்த ஜப்பானிய எழுத்துகளைப் பார்த்து அதில் நிரப்பியிருக்கிறார். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தும் கோலம்தான்.

அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம்; கடன் வாங்கியது வான்கோ மட்டுமல்ல. ஹிரோஷிகேயின் படங்களில் நாம் அசல் ஜப்பான் என்று மயங்கும் அந்த நீலம், பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டுக் கப்பலேறிப் போன பிரஷ்ய நீலம்.

1888 பிப்ரவரியில் வான்கோ பிரான்ஸின் தெற்கே ஆர்ல் ஊருக்குப் போனார். வெயிலைத் தேடிப் போனவரை வரவேற்றது பனி. அந்தப் பனியும் அவர் கண்ணுக்கு ஜப்பானிய ஓவியர்களின் குளிர்காலமாகவே தெரிந்தது! செப்டம்பரில் நண்பர் பால் கோகனுக்காகத் தீட்டிய தன்னுருவப் படத்தில், தலைமுடியை ஒட்ட வெட்டி, கண்களைச் சற்றே சாய்த்து, புத்த பிக்குவாகத் தன்னையே வரைந்தார். இப்போது ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் உள்ள இந்தப் படத்தைக் கடைசியாகப் பாருங்கள். பாலத்தைப் பார்த்தபின் பார்த்தால்தான் அந்தக் கண்கள் பிடிபடும்.

ஆர்லில் அவர் தீட்டிய சூரியகாந்திப் படங்களில் ஒன்றை 1987-ல் ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று ஏலத்தில் எடுத்தது. ஹிரோஷிகேயின் எடோ நகரம்தான் இன்றைய டோக்கியோ. அங்கே ஷிஞ்ஜுகு பகுதி அருங்காட்சியகத்தில் அந்தப் படம் இருக்கிறது.