பதிலா, பற்றுச்சீட்டா?

மக்கள் தம் பிரதிநிதிக்கு மடல் தீட்டுகின்றனர். 'ஆவன செய்யப்படும்' என்றொரு வரி வருகிறது. அதைப் பற்றுச்சீட்டென்போம், பதிலென்று எங்ஙனம் கொள்வது? பதில் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை, பிரிஸ்டல் நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1778-ல் தம் தொகுதி வணிகர்க்கு எழுதிய இரு கடிதங்கள் காட்டுகின்றன.

அயர்லாந்தின் வாணிபத் தளைகளைத் தளர்த்தும் மசோதாக்களுக்கு அவ்வணிகர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பர்க் குழையவில்லை, மழுப்பவுமில்லை. அயர்லாந்து வாழ்ந்தால் பிரிஸ்டல் வீழாது எனக் காரணங்களை அடுக்கினார். பதவி போயினும் சரியே என்றார். 1780-ல் வெற்றி வாய்ப்பின்றி அத்தொகுதிப் போட்டியிலிருந்து விலகினார்.

பர்க்கை நாம் போற்றிப் பாடுவதற்கில்லை. 1790-ல் பிரெஞ்சுப் புரட்சியைப் பழித்தவர். பரம்பரை ஆதிக்கத்துக்குப் பரிந்தவர். அக்கடிதங்களின் குறையும் வெளிப்படை: கேட்டவரும் வணிகர், விடை பெற்றவரும் வணிகர். வாக்கற்ற பெண்ணுக்கும் ஏழை உழைப்பாளிக்கும் விடைகூற எவர் கடமைப்பட்டிருந்தார்?

இன்று நம் நாட்டில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குண்டு. ஆகவே தோழர்களே, எழுதுவோம்! சலுகை கேட்டன்று, காரணம் கேட்டு! 'இயலாது' எனும் விடையையும் ஏற்போம். காரணமில்லா விடையை ஏலோம்!